காய்ச்சல் என்று எழுதப்பட்டவள்

சென்ற ஆண்டு என் மகளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போது அவளுக்குப் பத்து வயது. காலையில் லேசாக வலிக்கிறது என்றாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்பினேன். மாலையில் எச்சிலை விழுங்க முடியாமல் அவள் வாயோரம் வழிந்தது. செங்காங்கிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் டாக்சியில் அவள் முன்னால் குனிந்து, தாடையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்தால்தான் அவளுக்குக் காற்று உள்ளே போகிறது என்பது எனக்குத் தெரியவில்லை. "ஒழுங்கா சாஞ்சு உக்காரு" என்று அதட்டினேன். அவளும் சாய்ந்தாள். சாய்ந்த உடனே முகம் மாறிவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். தொண்டையில் குழாய் வைத்து நான்கு நாள் தூங்க வைத்திருந்தார்கள். இப்போது பந்து விளையாடுகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். நான்தான் இன்னும் அந்த டாக்சியிலேயே இருக்கிறேன். அவள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கும்போது அறை வாசலில் நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறேன். "என்னம்மா, மறுபடியுமா" என்பாள்.

இது அவளைப் பற்றிய கதை இல்லை. அந்த நான்கு நாட்களில் ஒன்றில், மருத்துவமனை நடைக்கூடத்தில் என் தந்தை, எங்கள் பேச்சில் வாப்பா, சொன்னதைப் பற்றியது. அதற்குப் பிறகு நான் செய்ததைப் பற்றியது.

வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. என் உம்மா இறந்தபிறகு ஈசூனில் தனியாக இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், எதற்கும் கலங்காதவர் என்றுதான் எங்களுக்கெல்லாம் எண்ணம். அன்று அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஐஸ் ஏதும் தின்னாளா?"

"இல்ல வாப்பா."

"ஸ்கூல் கேண்டீன்ல? நல்லா யோசிச்சு சொல்லு."

"டாக்டர் கிருமின்னு சொல்றாரு. ஐஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"டாக்டருக்கு என்ன தெரியும்லா."

எங்கள் வீட்டில் ஐஸ் கிடையாது. குளிர்பதனப் பெட்டி உண்டு. தண்ணீரை அதில் வைக்க விடமாட்டார். பள்ளி விட்டு வரும்போது மற்ற பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட, நானும் தம்பியும் வெதுவெதுப்பான மைலோ குடித்து வளர்ந்தோம். வாப்பாவின் ஏதோ ஒரு பிடிவாதம் என்று நினைத்திருந்தோம். அன்று அந்த நடைக்கூடத்தில், பெருக்கித் துடைக்கும் இயந்திரம் எங்கள் காலடியைக் கடந்து போய்க்கொண்டிருந்தபோது, அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

என் மகளைச் சொல்கிறார் என்று பதறிவிட்டேன். அவர் சொன்னது, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு நான்கு வயதுப் பெண்ணை. அவருடைய தங்கை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அப்போது அவர்கள் நகரத்தின் இந்தியர் வட்டாரமான தேக்கா பக்கம், தாய்மாமாவின் மசாலாக் கடைக்கு மேலே குடியிருந்தார்கள். வாப்பாவுக்கு ஒன்பது வயது. அவருடைய தந்தை திடீரென்று இறந்துபோக, தாய் இத்தாவில் உட்கார்ந்துவிட்டார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது எங்கள் வழக்கம். மாமாவோ காலையிலிருந்து இரவு வரை கடையில். வெளி வேலை எல்லாம் அந்த ஒன்பது வயதுப் பையன் தலையில் விழுந்தது. மீன் வாங்க, மண்ணெண்ணெய் வாங்க, ஓதும் இடத்துக்குப் போக, எங்கே போனாலும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள்.

"ஐஸ் உருண்டை விப்பான் ஒருத்தன். ஐஸ சீவி, கையாலேயே அமுக்கி, மேல செவப்பு சிரப் ஊத்துவான். அவ கேப்பா. நான் வாங்கிக் குடுப்பேன். அஞ்சாறு தடவ இருக்கும். ஒரு நாள் காய்ச்சல். மறுநாள் கழுத்து இப்புடி வீங்கிடுச்சு. வாயத் தெறந்தா உள்ள சாம்பல் கலர்ல தோலு மாதிரி படிஞ்சு கெடந்துச்சு. மூணாவது நாள் மூச்சு இல்ல."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலயா?"

"நாட்டு மருந்து குடுத்தாங்க. மூணாவது நாள் மாமா வண்டி புடிக்கப் போனாரு. வண்டி வர்றதுக்குள்ள."

இறப்பைப் பதிய மாமா போலீஸ் நிலையத்துக்குப் போனார். என்ன நோய் என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்றார். தொண்டை என்று சொன்னால் ஆட்கள் வந்து மருந்தடித்துக் கடையை மூடிவிடுவார்கள் என்ற பயம். அரசாங்கத்துக்குக் காய்ச்சல். வீட்டுக்குள் காரணம் வேறு. தங்கையின் சட்டையில் சிவப்புக் கறையைப் பார்த்துவிட்டுத் தாய் கேட்க, பையன் ஐஸ் வாங்கிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டான். "ஐஸ் தின்ன வச்சு அனுப்பிட்டியே" என்று தாய் ஒரே ஒரு முறைதான் சொன்னாராம். பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

"அதுக்கு என்னைத் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்றார் வாப்பா.

நான் காப்புறுதி என்னும் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். எந்த வயதுக்காரர்களுக்கு எந்த நோய் எவ்வளவு வரும், அதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்ற அட்டவணைகளைப் படிப்பதுதான் இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. மகள் வீடு திரும்பியதும் எனக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. சாம்பல் நிறத் தோல், வீங்கிய கழுத்து. அது என் மகளுக்கு வந்ததல்ல, டிப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் நோய், ஐஸினால் வருவதில்லை. மூச்சிலும் இருமலிலும் பரவுவது. இதை வாப்பாவிடம் வெறும் வாயால் சொன்னால் "டாக்டருக்கு என்ன தெரியும்" என்பார். எண்களோடு போனால் கேட்பார். அவர் காலம் முடிவதற்குள் அந்தச் சுமையை இறக்கி வைத்துவிடலாம். என் மகளுக்கு நான் செய்யத் தவறிய ஏதோ ஒன்றை இதில் ஈடுகட்டிவிடலாம் என்றும் நினைத்திருப்பேன்.

சனிக்கிழமைகளில் நகரத்து நூலகத்தின் மேல்தளத்துக்குப் போய், பழைய சுகாதார ஆண்டறிக்கைகளை எடுத்து உட்கார்ந்தேன். குளிர்சாதனத்தில் கை விறைத்துப்போகும்.

முதல் வாரமே ஏமாற்றம். தொண்டை நோய் என்ற வரிசையில் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவான இறப்புகள்தான் இருந்தன. இவ்வளவுதானா என்று மூடி வைக்கப் போனேன். அப்புறம்தான் பக்கத்து வரிசைகள் கண்ணில் பட்டன. காய்ச்சல், காரணம் தெரியாதது. குழந்தை வலிப்பு. அவை தடித்த வரிசைகள், எண்கள் பெரியவை. மருத்துவர் பார்த்துக் காரணம் எழுதிய இறப்புகள் தனி; வீட்டில் நடந்து, உறவினர் வாயால் சொல்லி எழுதப்பட்டவை தனி. அந்த இரண்டாவது வகையில் எத்தனை மாமாக்கள் கடைக்குப் பயந்து காய்ச்சல் என்று சொல்லியிருப்பார்கள்?

இந்த மாதிரி அட்டவணைகளைப் படிப்பதில் ஒரு பழக்கம் வேண்டும். எண் ஏறினால் நோய் ஏறியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக மருத்துவர்கள் வந்து, சளியை எடுத்துச் சோதித்துப் பெயர் வைக்கத் தொடங்கினாலும் எண் ஏறும். பிள்ளைகள் முன்பும் அப்படித்தான் இறந்துகொண்டிருந்திருப்பார்கள், பெயர் மட்டும் புதிது. மொத்த மக்களுக்கும் கணக்கிட்ட விகிதம் சிறியதாகத் தெரியும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அதுவே பல மடங்காகும். இந்தியர்கள் என்று தனியே பிரித்த பத்தியில் பிள்ளைகள் குறைவு என்பதால், ஒரு தெருவில் இரண்டு வீட்டில் சாவு விழுந்தாலே அந்த ஆண்டின் கோடு துள்ளி எழும். வாப்பாவின் தங்கை இறந்த ஆண்டில் காய்ச்சல் வரிசையில் ஒருத்தி அவள். அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தேன். அதில் ஒன்று அவள் என்பது எனக்குத் தெரியும், வாப்பாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

எண்களை இங்கே எழுதவில்லை. அவற்றை ஒருவர் கையில் கொடுத்து நான் பட்டது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பிரியாணி வாங்கிக்கொண்டு ஈசூன் போனேன். சாப்பிட்டு முடித்து, மேசையைத் துடைத்துவிட்டு, நான் வரைந்த கோட்டுப் படத்தை விரித்தேன். வாப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்ன, ஹார்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கு?"

"கீழ வருஷம். மேல தொண்டை நோயில செத்துப்போன புள்ளைங்க. இது உங்க தங்கச்சி போன வருஷம்."

"அவள காய்ச்சல்னுல்ல எழுதினாங்க."

"அதான் வாப்பா விஷயம். காய்ச்சல்னு எழுதினதுல நெறய தொண்டைதான். உங்க மாமா மாதிரி எத்தன பேரோ. நீங்க சொன்ன சாம்பல் தோலு, அது இந்த நோய்க்குத்தான் வரும். வேற எதுக்கும் அப்புடி வராது."

அவர் கோட்டை உற்றுப் பார்த்தார். "இவ்ளோ புள்ளைங்களா."

"இத்தன பேருக்கும் நீங்களா ஐஸ் வாங்கிக் குடுத்தீங்க?"

சிரித்துவிட்டார். "அவ்ளோ காசு ஏதுலா என்கிட்ட." அவர் தோள் இலகுவாகி இறங்கியதைப் பார்த்தேன். ஐஸில் கிருமி இல்லை, பக்கத்தில் யாரோ இருமியதில் வந்தது, நீங்கள் ஐஸ் வாங்கிக் கொடுக்காவிட்டாலும் வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "என் உம்மாவுக்கு இதெல்லாம் யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் விரல் கோட்டின் மேலேயே ஊர்ந்து, அது சரியும் இடத்தில் நின்றது.

"இங்க ஏன் எறங்குது?"

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். அதே பெருமையோடு சொன்னேன்: "ஊசி. எல்லாப் புள்ளைங்களுக்கும் போட ஆரம்பிச்சாங்க."

"அவ போனதுக்கு அப்புறமா?"

"இல்ல, அதுக்கு முன்னாடியே ஊசி இருந்துச்சு. தெருத்தெருவா போயி போட்டிருக்காங்க. ஆனா நெறய பேரு புள்ளைங்கள கூட்டிட்டு வரலன்னு ரிப்போர்ட்ல திரும்பத் திரும்ப எழுதுறாங்க. போகப்போக எல்லாரும் போட்டதும் கோடு எறங்கிடுச்சு."

"கையில போடுறதா?"

"ஆமா."

"தொண்டை நோய்க்குக் கையிலயா போடுவாங்க?"

"ஆமா வாப்பா."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளையைச் சீனத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் சொல்லத் தொடங்கினார்.

கடைவீட்டு வரிசைக்கு முன்னால் ஒரு நாள் மேசை போட்டு மிஸ்ஸிகள் உட்கார்ந்திருந்தார்கள். தாதியை அப்போது மிஸ்ஸி என்பார்கள். பிள்ளைகளுக்கு ஊசி. தாய் இத்தாவில் இருந்ததால் மாடியிலிருந்து இறங்கவில்லை. "தங்கச்சிக்குப் போட்டுட்டு வா" என்று பையனை அனுப்பினார். வரிசையில் முன்னால் நின்ற பிள்ளை அலறியதைக் கேட்டதும் தங்கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் பார்க்கிறார்கள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய், அவள் அழுகையை நிறுத்த ஒரு ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து தாயிடம் "போட்டாச்சு உம்மா" என்றான்.

"எந்தக் கைன்னு கேட்டாங்க. அவளே இந்தக் கைன்னு காட்டுனா. நாலு வயசுல, சொல்லிக் குடுக்காமலே."

அதற்குப் பிறகு அவளுக்கு ஐஸ் வேண்டும்போதெல்லாம் அவன் காதில் வந்து சொல்வாளாம்: "வாங்கித் தரலன்னா உம்மாகிட்ட சொல்லிடுவேன்." அதனால்தான் ஐந்தாறு முறை.

"ஐஸ மட்டும்தான் உம்மாகிட்ட ஒத்துக்கிட்டேன்" என்றார் வாப்பா. "ஊசி எதுக்குன்னு எனக்குத் தெரியாது. கையில போடுறது கைக்கு ஏதோன்னு நெனச்சேன். அது ஒரு பொய்யி, அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்புறம் அதையே மறந்துட்டேன்."

நான் பேச ஆரம்பித்தேன். நிறுத்தாமல் பேசினேன். அது அம்மை ஊசியாக இருக்கும் என்றேன்.

"அம்மை ஊசி அவளுக்கு முன்னாடியே போட்டாச்சு. தழும்பு இருந்துச்சு."

ஒரு முறை போட்டால் போதாது, இரண்டாவது முறையும் போட்டிருந்தால்தான் வேலை செய்திருக்கும் என்றேன்.

"ரெண்டாவது தடவையும் நான்தான கூட்டிட்டுப் போயிருக்கணும்."

உண்மையில் என்ன நோய் என்று யாருக்குத் தெரியும், தாளில் காய்ச்சல் என்றுதானே இருக்கிறது என்றேன்.

வாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "இப்பதான நீ சொன்ன, சாம்பல் தோலு வேற எதுக்கும் வராதுன்னு."

எழுபது ஆண்டுகளாக அவர் ஐஸ் என்ற தவறான காரணத்தைச் சுமந்துகொண்டிருந்தார். அது தவறானதாக இருந்ததால்தான் சுமக்க முடிந்ததோ என்னவோ. ஐஸ் எல்லாரும் வாங்கிக் கொடுப்பது, அறியாமல் செய்தது. நான் போய், படித்த படிப்பையெல்லாம் பயன்படுத்தி, அதை எடுத்துவிட்டு வேறொன்றை அவர் கையில் வைத்துவிட்டேன். நூலகத்தில் அத்தனை சனிக்கிழமை உட்கார்ந்த எனக்கு, கூட்டிக்கொண்டு வரப்படாத பிள்ளைகள் என்று அறிக்கையில் படித்தபோது, அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் ஒருவர் இருந்திருப்பார் என்று தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிறுகள் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. போனில் பேசினால் சாப்பிட்டேன், தொழுதேன், முட்டி வலி என்பார். பேத்தியைக் கூப்பிடட்டுமா என்றால், "படிக்கட்டும்" என்பார்.

பிறகு பள்ளியிலிருந்து படிவம் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடுவார்கள். தொண்டை அடைப்பானுக்கான மறு ஊசியும் அதில் உண்டு. நான் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். மகள் அதைப் பேச்சுவாக்கில் அவரிடம் போனில் சொல்லியிருக்கிறாள். உடனே என்னை அழைத்தார்.

"எந்தக் கிழமை?"

"வியாழன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, லைன்ல நிக்க வச்சு போட்டுடுவாங்க."

"நீ கூட நிப்பியா?"

"பெத்தவங்கள உள்ள விடமாட்டாங்க வாப்பா."

வியாழக்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனபோது, வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே ஈசூனிலிருந்து ரயில் மாறி வந்துவிட்டாராம். காவலாளி இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

பள்ளி விட்டதும் மகள் ஓடி வந்தாள். "நன்னா, நீங்க எப்ப வந்தீங்க?" எங்கள் பக்கம் பாட்டனாரை நன்னா என்பார்கள். அவர் அவள் சட்டைக்கையை மெல்ல மேலே தள்ளினார். சின்ன வட்டமான பிளாஸ்திரி. நடுவில் புள்ளியாகக் கொஞ்சம் ரத்தம்.

"அழுதியா?"

"எதுக்கு அழணும்? என் பிரெண்ட்தான் ஒரே சீன் போட்டா. நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன்."

அவர் அந்தப் பிளாஸ்திரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மகளுக்குக் கூச்சமாகிவிட்டது. கையை இழுத்துக்கொண்டு, தோழிகளோடு கொஞ்சம் முன்னால் நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.

"உன் கணக்குல பாத்தா" என்றார், என்னைப் பார்க்காமலே. "போட்டிருந்தா இருந்திருப்பாளா?"

என் வேலையே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். இத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொல்லத் தெரியும். அந்த ஊசி போட்டும் இறந்த பிள்ளைகளின் வரிசையையும் நான் பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு மெலிந்த வரிசை என்றும் தெரியும்.

"தெரியல வாப்பா" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீ சொல்ல மாட்ட. பரவால்ல."

நடைபாதையின் முனையில் மகள் நின்று திரும்பிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். முட்டி வலிக்காகப் பிடித்தாரா என்று நான் கேட்கவில்லை. அப்படியே சாலையைக் கடந்தோம்.